அறையில் வேறு யார்

கைப்பேசித் திரையில் நோட்டரி வக்கீல் பத்திரத்தை வாசித்து முடித்தார். அப்பாவின் வீட்டை விற்கும் உரிமையை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். பூங்கோதை பேனாவைத் திறந்தாள்.

"உங்க விருப்பத்தோடதான் கையெழுத்துப் போடுறீங்களாம்மா? ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

கைப்பேசிக்குப் பின்னால் நின்ற அண்ணன் துரைசிங்கம், இல்லையென்று சொல்லும்படி தலையை ஆட்டினான். அவன் இடுப்பில் அவளுடைய மகள். காலையிலிருந்து, அவள் எத்தனை முறை கேட்டும், அவன் குழந்தையை இறக்கிவிடவே இல்லை.

"யாரும் இல்ல சார்."

வக்கீல் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். "அப்போ போனைத் தூக்கி ரூமை ஒரு சுத்து காட்டுங்கம்மா."

துரைசிங்கம் குழந்தையோடு ஓசைப்படாமல் கதவுப் பக்கம் நகர்ந்தான். குழந்தை சிரித்தபடி அவன் மீசையை இழுத்தது.

பூங்கோதை பேனாவை மூடினாள். கைப்பேசியை எடுத்து, சன்னலையோ சுவரையோ காட்டாமல், நேராகக் கதவை நோக்கித் திருப்பினாள்.