ஐந்தாவது டேப்

"டமால்" என்ற சத்தம் கேட்டு, மேனேஜர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

வாட்டர் வாஷ் முடிந்து பளபளவென்று கிளம்பிய வெள்ளைக் கார், கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே, ரிவர்ஸ் எடுத்ததில் பின்னால் இருந்த காலி ஷாம்பு டிரம்மை உருட்டித் தள்ளிவிட்டு நின்றிருந்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை. கார்க்காரர் முகம்தான் சிவந்து போயிருந்தது.

"யாரு கழுவினது இந்த வண்டிய? வரச் சொல்லுங்க அவன!"

ரிட்டையர்டு அதிகாரி. வாரம் தவறாத கஸ்டமர். வாட்டர் வாஷ் ஆட்கள் தங்களுக்குள் அவருக்கு 'லென்ஸ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "கேமரா மேல பிரஷர் கன் அடிக்காதே. பிரஷ் போட்டுத் தேய்க்காதே. மெத்துனு ஒரு துணியால ஒத்தி எடு." காரில் இருக்கும் நாலு கேமராவையும் அவர் தாங்குகிற தாங்கலில் ஆட்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

மேனேஜர் காரின் பின்னால் குனிந்து பார்த்தாள். நம்பர் பிளேட்டுக்கு மேலே, கேமராவை மூடி, நீல டேப் ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா? ஸ்கிரீன் இருட்டா இருக்கேன்னு அப்பவே நினைச்சேன். இத உரிச்சு எடுக்க உங்க ஆளுக்குக் கை வலிக்குதா? இதுவே ரோட்டுல ஒரு உசுரு போயிருந்தா?"

நியாயமான கேள்விதான். மன்னிப்புக் கேட்டு, காரை ஓரம் கட்டச் செய்து, சாவியை வாங்கிக்கொண்டு, அவரை ஆபீஸ் அறைக்கு வெளியே ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தாள்.

பிறகு ஜாப் கார்டைத் தேடி எடுத்தாள்.

அது அவளே கொண்டுவந்த ஏற்பாடு. கழுவுவதற்கு முன் நாலு கேமராவுக்கும் நாலு டேப் ஒட்ட வேண்டும். முடிந்ததும் அந்த நாலையும் உரித்து கார்டின் பின்பக்கம் வரிசையாக ஒட்டித் தர வேண்டும். அவள் எண்ணிப் பார்த்த பிறகுதான் சாவியே கை மாறும்.

கார்டைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அப்படியானால் காரில் இருப்பது ஐந்தாவது. யாரும் மறக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறார்கள்.

"இந்த வண்டியக் கழுவின நெட்டையைக் கூப்பிடு" என்றாள்.

நெட்டை வந்து நின்றான். இருப்பதிலேயே பழைய ஆள் அவன்தான். கையைத் துடைத்துக்கொண்டே கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நான்தான்க்கா ஒட்டினேன். டிரம்மையும் நான்தான் நகத்தி வச்சேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"போன வாரம் அவர்கிட்ட வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டியே, அதுக்குப் பழி வாங்கறியா? நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராதே!"

"சரிக்கா. போன வாரம் எதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு மட்டும் கேட்டுக்கங்க." நெட்டை குரலை உயர்த்தவில்லை. "இந்தா, இவ்வளவு தூரத்துலதான் நின்னேன். என் முகத்தையே பாத்து, 'எங்கடா போனான் அந்த உயரமான ஆளு'ன்னு என்கிட்டயே கேட்டாரு. 'சார், டாக்டர்கிட்ட ஒரு தடவ கண்ணைக் காட்டிடுங்க'ன்னேன். 'கழுவுற வேலைய மட்டும் பாரு'ன்னுட்டாரு."

மேனேஜர் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கண்ணே அந்தக் கேமராதான்க்கா. எதிர்ல ஏதாவது வந்தா அதுவே கத்துது, அதுவே பிரேக் பிடிக்குது. அதை நம்பித்தான் தினமும் பேத்திய ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வராரு. அந்த டிரம் செவப்பு. என் இடுப்பு உசரம். திரும்பிப் பாத்திருந்தா தெரியாதா? ஒரு நாள் மழையில, சேத்துல லென்ஸ் மங்கி, ஏதாவது ஒரு குழந்தை மேல ஏத்தித்தான் அவருக்குப் புரியணுமா? இங்க ஒரு காலி டிரம்ல இடிச்சுப் புரிஞ்சுக்கட்டும்னு விட்டேன். பக்கத்துல ஒரு ஆள் வராம நான்தான் காவல் நின்னேன்."

வெளியிலிருந்து லென்ஸ் சாரின் குரல் கேட்டது.

"எவ்வளவு நேரம்மா? சாவியக் குடுங்க. ஸ்கூல் விடற நேரமாச்சு!"

மேனேஜர் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். அவர் கதவைப் பார்த்துப் பேசவில்லை. மூலையில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தாள். சாவியை டிராயரில் போட்டாள். கார்டில் இருந்த அவருடைய மகளின் நம்பரைத் தேடி போன் செய்தாள். அப்பாவை அழைத்துப் போக உடனே வரச் சொன்னாள். குழந்தையைக் கூட்டிவர வேறு ஆளை அனுப்பச் சொன்னாள்.

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதை யார் மீதாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே. இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

நெட்டை தயங்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்க்கா. வாராவாரம் கார்டுல கையெழுத்துப் போடற இடத்துல அவர் விரலைப் பிடிச்சு வைக்கறது நீங்கதானே."