முகத்தைக் காட்டு

நார்வேயின் பெர்கன் நகரம், 2022 மார்ச் 25. ஐஸ்லாந்துக் கொலைத் தொடரின் ஐந்தாவது எபிசோட் அன்று வெளியானது. மொத்தம் எட்டு, வாரத்துக்கு ஒன்று.

"கொன்னது யாருடா?" என்றாள் குன்வோர், மருத்துவமனைக் கட்டிலில் லேப்டாப்பை மூடிக்கொண்டே.

"அக்கா, ஆரம்பிக்காத."

"நீதானே சப்டைட்டில் போடுற? உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

டோர்யுஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஐஸ்லாந்து மொழி வசனங்களை நார்வே மொழிக்கு மாற்றுவது அவன் வேலை. எட்டு எபிசோடுகளும் குளிர்காலத்திலேயே அவன் கைக்கு வந்துவிட்டன. படத்தின் குறுக்கே அவன் பெயரையே பெரிதாகப் பதித்து அனுப்பியிருந்தார்கள். கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரிந்துவிடும். முன்பு ஒரு தொடரின் முடிவைத் தோழியிடம் சொன்ன ஒருத்திக்கு அதன்பிறகு எந்த நிறுவனமும் வேலை தரவில்லை.

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? இந்த மார்ஃபின் பம்புகிட்டயா?"

"கடைசி எபிசோட் பெரிய வெள்ளிக்கு வருது. மலை வீட்டுல சேர்ந்து பாப்போம், எப்பவும் போல."

ஈஸ்டர் என்றால் மலை வீடு, பனி, ஆரஞ்சு, ஒரு கொலைக் கதை. ஊரே அப்படித்தான். கொலைகாரன் யார் என்று குன்வோர் பாதியிலேயே சொல்லிவிடுவாள். தப்பியதே இல்லை. அவள் கணவர் ஆஸ்முண்ட் அவளோடு பந்தயம் கட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

"பெரிய வெள்ளி வரைக்கும் நான் இருப்பேன்னு யாரு சொன்னா?"

"இருப்ப."

"முன்னெல்லாம் மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டுவானுங்க. இப்ப வாரத்துக்கு ஒண்ணாம். என்னை மாதிரி ஆளுங்களைப் பத்தி ஒருத்தனாவது யோசிச்சானா பாரு." சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வேலை போயிடும்னு பயமா? இல்ல, சொல்லிட்டா நான் செத்துடுவேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பயமா?"

அவன் ஒரு ஆரஞ்சுச் சுளையை அவளிடம் நீட்டினான். இரண்டும்தான்.

ஏழாவது எபிசோடை அவள் பாதி நேரம் கண்ணை மூடியபடிதான் பார்த்தாள். முடிந்ததும் அவன் கையைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை.

"சரி, நீ வாயே திறக்க வேணாம். நான் சொல்றேன். நீ முகத்தைக் காட்டு, போதும்."

"அக்கா, வேணாம்..."

"அந்த ஊர் டாக்டர்தான். பொணத்தைப் பார்த்ததும் எல்லாரும் கிட்ட ஓடினாங்க, அவன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தான். அங்கேயே பிடிச்சுட்டேன்."

அவன் திரும்பிக்கொள்வதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவன் மறைத்ததையெல்லாம் அம்மாவுக்கு முன் அவள்தான் அதில் படித்திருக்கிறாள்.

"ஓ," என்றாள். "டாக்டர் இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ எங்கடா சொல்லணும்!" தலையணையில் சாய்ந்தாள். "இந்த மருந்து மூளையையும் தின்னுடுச்சு போல. கடைசிக் கதையில போய்த் தோத்துட்டேன் பாரு." அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப யாரு? ஒரே ஒரு பேரு சொல்லு, டோர்யுஸ். அதோட விட்டுடறேன்."

"வெள்ளிக்கிழமை பாப்போம்க்கா."

அவள் புதன்கிழமை இறந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்முண்ட்தான் மலை வீட்டுக்கு வண்டியை ஓட்டினார். "போட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். எபிசோட் பாதி ஓடியது.

"கொன்னது அந்த ஊர்ப் போதகர்தான், அத்தான்" என்றான் டோர்யுஸ் திடீரென்று. "தேவாலயத்துல மண்டி போட்டு ஒத்துக்குவார். ஒரே ஒரு பேரு. அவகிட்ட சொல்லியிருக்கலாம். என்ன ஆயிருக்கும்?"

"கடைசி வாரம் பூரா அதையே சொல்லிட்டு இருந்தா. நான் எப்படித் தப்பா யோசிச்சேன், எப்படித் தப்பா யோசிச்சேன்னு."

திரையில் போதகர் தேவாலயத்துக்குள் வந்தார். விளக்கை அணைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மண்டியிடவில்லை. திரையின் அடியில் ஓடிய வரிகள் டோர்யுஸ் எழுதியவை அல்ல.

"என்னடா, போதகர்னு சொன்னே?"

டோர்யுஸ் எழுந்து நின்றுவிட்டான். "எனக்கு வந்தது போலி முடிவு. கதை கசியாம இருக்க சப்டைட்டில் போடுற எங்களுக்கே போலியை அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அத்தான். நான் நம்பினதில்ல."

போலீஸ்காரர்கள் டாக்டரை வண்டியில் ஏற்றினார்கள்.