எந்த வீட்டுச் சரக்கு?

கண் ஆஸ்பத்திரியில், மகள் வயிற்றுப் பேரனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றதும் பெரியவர் சம்பந்தியம்மாள் பக்கம் பாய்ந்தார்.

"எங்க பரம்பரையில எல்லாருக்கும் கழுகுக் கண்ணு. இது உங்க வீட்டுச் சரக்குதான்!"

டாக்டர் புள்ளிகள் நிறைந்த படம் ஒன்றைக் காட்டி, அதில் என்ன எண் என்று கேட்டார். பேரன் திருதிருவென்று விழித்தான்.

"பச்சப்புள்ளய ஏன்யா ஏய்க்கிறீங்க? வெறும் புள்ளியக் காட்டி நம்பரச் சொல்லுன்னா அவன் எங்க போவான்?" என்று பெரியவர் எகிறினார்.

"அப்பா... அதுல நாப்பத்தஞ்சுன்னு பளிச்சுனு இருக்கே" என்றாள் மகள்.

பெரியவர் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் குறை அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். அம்மாவுக்கு அதை நீங்க குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தியம்மா, இவ்வளவு நேரம் நான் என்னையேதான் திட்டிக்கிட்டு இருந்தேன். நடுவுல நீங்க எதுக்கு வந்து உட்கார்ந்தீங்க?"