மூன்று பட்டன்கள்

திரையில் இருந்த வட்டத்தின் மேல்பாதியில் எழில் வெள்ளையை ஏற்றினாள். கீழே வரவர அதை மங்கவிட்டாள்.

விளிம்பைச் சுற்றி மெல்லிய நிழல்.

தட்டையாகக் கிடந்த நீல வட்டம் திரையிலிருந்து உப்பி எழுந்தது.

ஆபீசில் இப்படி ஒரு பட்டனைச் செய்தால் சிரிப்பார்கள். இந்தப் பளபளப்பெல்லாம் மலையேறிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எல்லாமே தட்டைதான்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது அப்பாவுக்கு.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போய் நான்கு மாதம். வலது கையும் கூடவே போயிற்று. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கிறது. அந்தக் கைக்காகத்தான் டேப்லெட் திரையில் மூன்று பட்டன்கள். நீலம் தண்ணீருக்கு, பச்சை கழிப்பறைக்கு, சிவப்பு வலிக்கு.

போன வாரம் தட்டையாகச் செய்து கொடுத்தாள். அப்பா அதைக் காலண்டர் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொடவே இல்லை.

அண்ணா சாலையில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிப்ட் ஓட்டியவர். எது பட்டன், எது பட்டன் இல்லை என்று அவருக்கா தெரியாது?

உப்பிய பட்டனை உடனே அழுத்தினார்.

மறுபடி அழுத்தினார். மறுபடியும். அம்மா அடுக்களையிலிருந்து வருவதற்குள் பத்து முறை அழுத்திவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீட்டிய டம்ளரைத் தொடவில்லை.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதற்குமேல் என்னதான் செய்வது?

"அழுத்துனா எரியணும் எழிலு," என்றாள் அம்மா. "லிப்ட் வர்ற வரைக்கும் எரிஞ்சிக்கினே இருக்கணும். எரியலன்னா ரிப்பேருன்னுதானே நினைப்பாரு."

முப்பத்தொரு வருடம் சோறு கட்டிக் கொடுத்தவளுக்குத் தெரிந்தது, டிசைன் படித்தவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஒவ்வொரு பட்டனுக்கும் இன்னொரு லேயர் போட்டாள். மேலிருந்த வெள்ளையை எடுத்துவிட்டு, உள்ளே விளக்கு வைத்தாள். இனி அழுத்தினால் எரியும். கேட்டது வந்து சேர்ந்ததும், கொண்டு வந்தவர் தொட்டு அணைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நீலத்தை அழுத்தினார்.

எரிந்தது.

ஒரே முறைதான் அழுத்தினார். கையை எடுத்துக்கொண்டு, லிப்ட் எந்த மாடியில் வருகிறது என்று பார்ப்பவர்போல் கதவு நிலைக்கு மேலே பார்த்தபடி காத்திருந்தார்.

தண்ணீர் வந்தது. அம்மா தொட்டாள். அணைந்தது.

அப்பாவின் முகத்தில் ஒரு பாதி சிரித்தது.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் அப்பா சிவப்பை அழுத்தினார்.

அம்மா மாத்திரை கொடுத்தாள். தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். எழில் தலையணையை மாற்றி வைத்தாள், மின்விசிறியைக் குறைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இனி என்ன இருக்கிறது கொண்டு வர?

அணைக்க விரலை நீட்டினாள்.

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பிடியை விடவில்லை. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. கதவு நிலைக்கு மேலே பார்த்தபடி காத்திருந்தார்.