நண்டுப் பிடி

ஞானசம்பந்தம் பிள்ளை அரிவாளை ஓங்கினார். அவர் காலடியில் அண்ணன் கைலாசம் பிள்ளை ரத்தத்தில் கிடந்தார்.

"ஐயோ, வெட்டிராதீங்க கொழுந்தனாரே!" ஞானம்பாள் ஓடி வந்து கணவரின் தோள்மேல் விழுந்தாள்.

"தள்ளுங்க மதினி! கை போனாலும் உசிராவது மிஞ்சட்டும்."

கைலாசம் பிள்ளையின் வலது கை, முழங்கைவரை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கும் அதன் பெரிய இரும்புச் சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. காலையில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரை, ஓடிய சக்கரம் திடீரென்று உள்பக்கமாக நழுவிக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அலறி அலறி அவர் மயங்கி அரைமணி ஆகிறது.

"பாளையங்கோட்டை டாக்டரு முக்கூடல் வந்து சேர பொழுது சாஞ்சிரும் வே," என்றார் பக்கத்துத் தோப்பு அப்பாத்துரை. "ரத்தம் நிக்கவே இல்ல. வெட்டித்தான் ஆகணும்."

எஞ்சின்காரன் வேதமுத்து கொட்டகைத் தூணில் கட்டப்பட்டிருந்தான். அச்சில் ஆப்பு இறுக்கியிருந்தால் சக்கரம் நழுவாது. சக்கரத்தைக் கழற்றாமல் ஆப்பை எடுக்கவும் முடியாது. கழற்றிப் பூட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

தோட்டத்து ஆட்களுக்கு அது போதுமாயிருந்தது. அவனுடைய முன்பற்கள் நான்கு தரையில் கிடந்தன. ஏதோ சொல்ல அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் ரத்தம்தான் கொப்பளித்தது. கூடவே இன்னொரு அடி விழுந்தது.

"அந்த நண்டு இருக்கே!" என்று கத்தினாள் ஞானம்பாள். "சக்கரத்தைக் கழட்டுத நண்டு! அதைக் கொண்டாங்க!"

வேதமுத்துவின் பெட்டியைத் திறந்து எடுத்தார்கள். மூன்று இரும்பு நகங்கள், நடுவில் கனத்த திருகாணி. நகங்கள் சக்கரத்தைக் கவ்வ, திருகாணி அச்சின் நுனியை முட்டித் தள்ளத் தள்ள, சக்கரம் வெளியே வரவேண்டும். வீட்டில் ஒடிந்து கிடந்த குதிரை வண்டியின் இடது சக்கரத்து அச்சை அறுத்து வேதமுத்துவே செய்தது. கைலாசம் பிள்ளை கூடவே உட்கார்ந்து செய்யவைத்தார்.

அப்பாத்துரை நகங்களை மாட்டினார். திருகாணியின் துளையில் கம்பியைச் செருகி, மூச்சைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். நகங்கள் தளர்ந்து நண்டு பொத்தென்று விழுந்தது.

மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவர் கால் பெருவிரலை நசுக்கிவிட்டு விழுந்தது.

"சவத்து மூதி! பிடிக்கவே மாட்டேங்கு!" நொண்டிக்கொண்டே விலகினார் அப்பாத்துரை. "இனி பாக்காதீரும், சம்பந்தம். வெட்டும்."

அரிவாள் மீண்டும் உயர்ந்தது. இப்போது ஞானம்பாள் கத்தவில்லை.

"நீங்க சின்னப் பிள்ளையில ஆத்துச் சுழல்ல சிக்கினப்ப, உங்க முடியப் பிடிச்சு இழுத்துப் போட்ட கை அது, கொழுந்தனாரே."

ஞானசம்பந்தம் பிள்ளை அரிவாளைத் தாழ்த்தினார். சொத்தில் பாகம் கேட்டு அவர் வழக்குப் போட்டதிலிருந்து ஆறு மாதமாக அண்ணனோடு பேச்சு இல்லை. எண்ணெய் வாடையே ஆகாது என்பார். ஊருக்குத் தெரிந்து இந்தக் கொட்டகைக்குள் அவர் கால் வைத்தது இன்றுதான். அண்ணனின் முகத்தை ஒரு முறை பார்த்தார். அரிவாளைத் தூர எறிந்தார்.

"தள்ளுங்கலே எல்லாரும்!"

நண்டைத் தூக்கி மாட்டினார். கம்பியைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் திருகினார். திருகாணி கிறீச்சிட்டது. நகங்கள் சக்கரத்தில் ஆழப் பதிந்தன. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கம்பியில் வழிந்தது. அவர் நிறுத்தவில்லை.

படீரென்று வெடித்த சத்தத்தோடு சக்கரம் வெளியே துள்ளியது. கை விடுபட்டது. நசுங்கியிருந்தாலும் விரல்கள் ஐந்தும் இருந்தன. ஞானம்பாள் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

"என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவருல்லா!" என்று கண்ணைத் துடைத்தார் அப்பாத்துரை. பிறகு குனிந்து அச்சைப் பார்த்தவர் கூவினார். "ஆப்பு இல்ல வே! பள்ளம் காலியா கெடக்கு! எடுத்திருக்கான் பாவி!"

தோட்டத்து ஆட்கள் தூணை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒருவன் கீழே கிடந்த அரிவாளைப் பொறுக்கிக்கொண்டான். இன்னொருவன் வேதமுத்துவின் முடியைப் பிடித்துத் தலையைச் சாய்த்தான்.

"மொதலாளி கைக்கு இந்தப் பய தலை!"

"அவனைத் தொடாதீங்கலே. அவுத்து விடுங்க."

மெலிந்த குரல். எல்லாரும் திரும்பினார்கள். கைலாசம் பிள்ளை கண் விழித்திருந்தார். திருகாணியின் கிறீச்சொலியிலேயே விழித்துவிட்டாரோ என்னவோ.

"மொதலாளி, என்ன சொல்லுதீய? ஆப்பை உருவினவன் இவன்லா?"

கைலாசம் பிள்ளை நசுங்கிய தன் கையைக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் கையில் இன்னும் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடப்பக்கம் திருகணும்னு எனக்கும் வேதமுத்துக்கும் மட்டுந்தானலே தெரியும், தம்பி?"