புது கேசட்டுக்குத் தீர்ப்பு

மேனாம்பேட்டு வீடியோ கேம் கடைக்குப் புது கேசட் வந்தால் வேம்புலிதான் முதலில் ஆடிப் பார்ப்பான். அவன் சொல்லும் தீர்ப்பைக் கடைக்காரர் பாஸ்கரன் வாசல் பலகையில் எழுதிவைப்பார். வேலையிடத்தில் பிரஸ் மிஷினுக்கு வலது கட்டைவிரலைக் கொடுத்த பிறகு இன்றுதான் வந்திருக்கிறான். டிவியின் நீல வெளிச்சம் கட்டுப்போட்ட கையின்மேல் நடுங்குகிறது. ஆள்காட்டி விரலை மடக்கிப் பட்டனை அழுத்துகிறான். திரையில் குட்டி மனிதன் தாமதமாகத் தாவிப் பள்ளத்தில் விழுகிறான். ஏழாவது தடவை. “கேம் சரியில்லண்ணாத்தே. அமுக்கினா லேட்டா தாவுறான்” என்கிறான். பாஸ்கரன் அந்தக் கையைப் பார்க்காமலே, “ஆமா நைனா, நானும் பாத்தேன்” என்று சொல்லிப் பலகையில் ‘சரியில்லை’ என எழுதுகிறார். சாக்பீஸ் கிறீச்சிடுகிறது. வேம்புலி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “அத்த அழிச்சிடுண்ணாத்தே” என்கிறான். “கேம் நல்லாத்தான் கீது.”