ஒரு நாள் முன்னால்

வேன் கதவைத் திறந்த பல் டாக்டர், உள்ளே காண்ட்ராக்டரைப் பார்த்ததும், திருடப் போன வீட்டில் சொந்த மச்சானைப் பார்த்தவர்போல நின்றுவிட்டார்.

காண்ட்ராக்டர் முகத்திலும் ஈயாடவில்லை.

இரண்டு பேருக்கும் இலை போட்ட பச்சைச் சட்டை. இரண்டு பேரிடமும் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா.

கிழட்டு டிரைவர் கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தெருமுனையில் பேங்க் மேனேஜர் வேறு நிற்கிறார் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.

கிளம்ப வேண்டியது நாளைக்கு, வெள்ளிக்கிழமை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்டர் வீட்டு ஹாலில் மேப்பை விரித்துவைத்துப் போட்ட திட்டம் அது. போட்டோ கிளப்பில் நாலு பேர். நாலு பேருமே கால் வைக்காத சீமை. மலைக்குப் பின்னால் ஒரு மரம், அதில் பகலெல்லாம் ஒரே கிளையில் தூங்கும் ஒரு செந்நிற ஆந்தை. இதுவரை யாரும் படம் எடுத்ததில்லையாம். முதலில் எடுப்பவர் படம் கண்காட்சி வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும். சண்டை வேண்டாம், நாலு பேரும் சேர்ந்தே போவோம் என்று பேச்சு.

விதிகளை எழுதியவர் நாலாமவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது, பறவையைக் கலைக்கவே கூடாது. ஒருமுறை கலைந்தால் அந்தக் கிளைக்குத் திரும்பாது. அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு வேறு. நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மை காய்வதற்குள் இந்த மூன்று பேரும் ஆளுக்கொரு நேரம் டிரைவருக்கு போன் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமையே போய்விடலாம், நான் மட்டும். மற்றவர்களிடம் மூச்சு விட்டால் இனி கிளப் சவாரி கிடையாது.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் வயசைக் காட்டி டிரைவரை நிறுத்திவிட்டார்கள். கிளப்பும் கைவிட்டால் வேனை விற்க வேண்டியதுதான். ஆகவே அவர் மூச்சு விடவில்லை. இருப்பது ஒரே வேன், அதற்கு அவர் என்ன செய்வார்?

மேனேஜரும் ஏறினார். கொஞ்ச தூரம் மூன்று பேரும் மூன்று ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு டாக்டர், வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார். காண்ட்ராக்டர், ரோடு தாங்குமா என்று பார்க்க வந்தாராம். மேனேஜர், தூக்கம் பிடிக்கவில்லை என்றார்.

கிளப்பில் யோக்கியன் யார் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. ஹெட்மாஸ்டர்தான். நாளைக்குப் பையும் கையுமாக வாசலில் நிற்பாரே, அந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது என்று காண்ட்ராக்டர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

மலையடிவாரத்தில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மேனேஜர் மேப்பை விரிப்பதற்குள் வேன் இடப்பக்கம் திரும்பி, பாலத்து முனையில் இருந்த பள்ளத்தை ஒதுக்கி, ஒரு கப்பி ரோட்டில் ஏறியது.

"என்னண்ணே, இந்தப் பக்கமே வந்ததில்லன்னு சொன்னீங்க. வழி கேக்காமலே போறீங்க?" என்றார் டாக்டர்.

டிரைவர் காதில் விழாததுபோல கியரை மாற்றினார்.

நேற்று இதே ரோடு. இதே சீட்டில், சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு ஒருவர். ஆசைதீரப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் சுற்றும்முற்றும் பார்த்து, குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். கல் கிளையில்தான் பட்டது. ஆந்தை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவரும் மூச்சு விடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.

காண்ட்ராக்டர் முன்னால் எக்கி, அது அங்கேயேதானே இருக்கும் என்று கேட்டார்.

"மரம் இருக்கும் சார்" என்றார் டிரைவர்.